பாவம் ஓரிடம், பழி சென்சார் மேல்

காரின் டேஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட ஒரு மஞ்சள் விளக்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். போன கோடையில் ஒரு நாள் என் காரில் அது அணையவில்லை. வண்டி வழக்கம்போலத்தான் ஓடியது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசாகச் செருமியது. அருகிலிருந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் விட்டேன். அங்கிருந்த இளைஞர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு பிளக்கைச் செருகினார், கையிலிருந்த திரையைப் பார்த்தார், “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது சார்” என்றார். திரையில் இருந்தது பி0171 என்ற குறியீடு. சென்சாரை மாற்றினார்கள். ஐயாயிரத்துச் சொச்சம் ரூபாய். விளக்கு அணைந்தது. ஐந்தாம் நாள் காலை, பால் வாங்கப் போகும் வழியில், மறுபடி எரிந்தது.

பி0171 என்பதற்கு ‘ஆக்சிஜன் சென்சார் பழுது’ என்று பொருள் இல்லை. ‘உள்ளே வரும் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் போதவில்லை’ என்றுதான் பொருள். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது ஆக்சிஜன் சென்சார். திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை விரட்டிவிட்டு வேறு நாய் வாங்கிய கதைதான் நடந்தது. புது நாயும் குரைத்தது.

குறியீட்டைப் பாகத்தின் பெயராகப் படிப்பது தனி ஒருவரின் தவறு என்று சொல்லிவிட முடியாது. இணையத்தில் எண்ணைத் தட்டினால் முதலில் வருவதே ‘மாற்ற வேண்டிய பாகங்கள்’ பட்டியல்தான். ஆனால் இந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் அந்தத் தவறு பெரும்பாலும் நிகழாது. மெக்கானிக்கின் வேலையைச் சுலபமாக்க வந்த விளக்கு இல்லை இது. ஊரின் காற்றைக் காப்பாற்ற வந்தது.

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தை 1940களிலிருந்தே கண்ணெரிச்சல் தரும் புகைமூட்டம் வாட்டிவந்தது. அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலர்தான், காரிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வரும் எரியாத எரிபொருள் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து அந்த மூட்டத்தை உண்டாக்குகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் காட்டினார். 1967இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் உருவானபோது அதன் முதல் தலைவரும் அவரே ஆனார். அந்த வாரியம்தான் பிற்பாடு, கார் தன் புகையைத் தானே கண்காணிக்க வேண்டும், கெட்டுப்போனால் ஓட்டுநருக்கு விளக்கேற்றிச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. 1988 மாடல் கார்களில் அதன் முதல் வடிவம் வந்தது. அப்போது நிறுவனத்துக்கு ஒரு பிளக், நிறுவனத்துக்கு ஒரு மொழி. சில கார்களில் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை கண்சிமிட்டுகிறது என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். 1996 மாடல் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வடிவத்தில் பதினாறு முனை சாக்கெட், ஒரே குறியீட்டு முறை என்று ஆயிற்று. ஓபிடி-2 (கார் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ‘ஆன்-போர்டு டயக்னாஸ்டிக்ஸ்’ ஏற்பாட்டின் இரண்டாம் வடிவம்) என்பது அதுதான். ஐரோப்பா 2001இல் பெட்ரோல் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்ற புகை விதியின் நான்காம் கட்டம்) கார்களுக்கு 2010 ஏப்ரலில் முதல் நிலை, 2013 ஏப்ரலில் இரண்டாம் நிலை.

அமெரிக்க விதியில் ஒரு அளவுகோல் உண்டு. ஒரு கோளாற்றால் புகையின் மாசு அனுமதித்த அளவைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடும் என்றால் விளக்கு எரிய வேண்டும். பிரேக் பேட் தேய்ந்ததையோ கிளட்ச் வழுக்குவதையோ இந்த விளக்கு சொல்லாததற்கும், நன்றாக ஓடும் வண்டியில் பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகாததற்காக அது எரிவதற்கும் காரணம் ஒன்றுதான். அதன் அக்கறை முழுவதும் சைலன்சர் முனையில் என்ன வெளியேறுகிறது, டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்பதில் இருக்கிறது. அங்கே கணக்கு இடித்தால் புகார் எழுதுகிறது. குற்றவாளி யார் என்று எழுதுவதில்லை.

அந்தப் புகாரின் எழுத்துமுறை எளிது. முதல் எழுத்து ஊரைச் சொல்லும்: என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்த பவர்ட்ரெயினுக்கு பி, சேஸிஸுக்கு சி, பாடிக்கு பி, கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான தகவல் தொடர்புக்கு யு. (ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருக்கும் இரண்டு எழுத்துகள் தமிழில் ஒரே பி ஆகிவிடுகின்றன. இந்தக் கட்டுரையில் வரும் பி எல்லாம் பவர்ட்ரெயினுக்கு உரியது.) அடுத்து வரும் எண் 0 என்றால் (பவர்ட்ரெயினில் பெரும்பாலும் 2 என்றாலும்) எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு; 1 என்றால் அந்த நிறுவனத்தின் சொந்தக் குறியீடு. அடுத்தது தெரு: 1, 2 என்றால் காற்றும் எரிபொருளும், 3 என்றால் ஸ்பார்க்கும் மிஸ்ஃபயரும் (சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறுவது), 4 என்றால் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், 7 என்றால் கியர்பாக்ஸ். கடைசி இரண்டு எண்கள் வீட்டு எண். ஆனால் அந்த வீட்டில் குடியிருப்பவர்தான் தப்புச் செய்தார் என்று பொருளில்லை. சத்தம் அந்த வீட்டிலிருந்து கேட்டது, அவ்வளவுதான்.

குறியீடுகளை எண் வரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, அவற்றில் இரண்டு சாதிகள் உண்டு என்று புரிந்துகொள்வது அதிகம் பயன்படும். ஒன்று மின்சுற்றைப் பற்றியது: ‘இந்த ஒயரில் வர வேண்டிய வோல்ட்டேஜ் வரவில்லை.’ மற்றது நடத்தையைப் பற்றியது: ‘ஒயர், சென்சார் எல்லாம் பேசுகின்றன. ஆனால் அவை சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது.’ முதல் சாதியைக் கையாள ஒரு மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். இரண்டாவதுக்கு என்ஜின் எப்படி மூச்சுவிடுகிறது என்று தெரிய வேண்டும். பி0171 இரண்டாம் சாதி.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் இந்த விகிதத்தை மெக்கானிக்கின் ஸ்க்ரூடிரைவர்தான் காத்தது. இப்போது ஈசியூ என்ற கம்ப்யூட்டர் காக்கிறது. உள்ளே வரும் காற்றை அளந்து, அதற்கேற்ற அளவு நேரம், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறக்கிறது. எரிந்து வெளியே வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று சென்சாரைக் கேட்கிறது. என் கார் போன்றவற்றில் உள்ள சாதாரண ஜிர்கோனியா சென்சார் 0.1 வோல்ட்டுக்குப் பக்கத்தில் காட்டினால் ஆக்சிஜன் மிச்சம், பெட்ரோல் குறைவு, 0.9க்குப் பக்கத்தில் காட்டினால் பெட்ரோல் அதிகம். ஈசியூ கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். சென்சாரின் அளவு மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டம்தான் ஆரோக்கியம்.

கூட்டியது எவ்வளவு, குறைத்தது எவ்வளவு என்று ஈசியூ ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதன் பெயர் ஃபியூயல் ட்ரிம். நொடிக்கு நொடி மாறுவது குறுகிய கால ட்ரிம். பல நாள் பழக்கத்தில் கற்றுக்கொண்டது நீண்ட கால ட்ரிம். கடைக்காரர் தினமும் எழுதும் சிட்டையும் மாதக் கடைசியில் ஏற்றும் பேரேடும் போல. இரண்டையும் கூட்டினால் பூஜ்யத்துக்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இருபத்தைந்து சதவீதம் அளவுக்குக் கூட்டியும் போதவில்லை என்றால் ஈசியூ கையை விரித்துவிட்டு பி0171 என்று எழுதுகிறது. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த எல்லை சற்று மாறும்.

ஆக்சிஜன் சென்சார் பார்ப்பது ஆக்சிஜனை மட்டும்தான், பெட்ரோலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் விழாமல் போனால் அங்கிருந்து எரியாத பெட்ரோலும் எரியாத காற்றும் சேர்ந்தே வெளியேறும். சென்சார் அந்தக் காற்றை மட்டும் பார்த்துவிட்டு ‘பெட்ரோல் குறைவு’ என்று சொல்லும். ஈசியூவும் நம்பி இன்னும் பெட்ரோலை ஊற்றும். சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்து வெளிக்காற்றை உறிஞ்சினாலும் இதே பொய்தான் கிடைக்கும். எனவே பி0171 வந்ததும் விசாரிக்க வேண்டியவர்கள் பலர்: கணக்கில் வராமல் நுழையும் காற்று, அழுக்கேறிய காற்று அளவி, வலுவிழந்த பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர், மிஸ்ஃபயர், குழாய் ஓட்டை. சென்சாரே கெட்டிருப்பதும் உண்டு. ஆனால் அது வரிசையில் கடைசியில் நிற்கிறது. கெட்டால் பெரும்பாலும் அதற்கென்றே உள்ள குறியீடுகளில் ஒன்று கூடவே வரும்.

இரண்டாம் முறை நான் போனது சிறிய ஷெட் ஒன்றுக்கு. கார்புரேட்டர் காலத்திலிருந்தே தொழிலில் இருக்கும் மெக்கானிக். ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும். ஸ்கேனரைச் செருகிக் குறியீட்டைப் பார்த்தவர், அதை அழிக்கவில்லை. அந்தக் குறியீடு பதிவான நொடியில் ஈசியூ எடுத்து வைத்திருந்த நிலவரத்தை முதலில் திறந்தார். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று அதற்குப் பெயர். சம்பவ இடத்துப் புகைப்படம் என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் பூஜ்யம், என்ஜின் 750 சுற்று, கூலன்ட் நன்றாகச் சூடு. “நிற்கும்போது வந்திருக்கிறது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

பிறகு என்ஜினை ஓடவிட்டு ட்ரிம் எண்களைத் திரைக்குக் கொண்டுவந்தார். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, நீண்ட காலம் +21, குறுகிய காலம் +5 அல்லது +6. ஆக்சிலேட்டரைக் கொடுத்து 2500 சுற்றில் நிறுத்தினார். இரண்டும் சேர்ந்து எட்டுக்கு இறங்கியது. பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடியிருக்கும் ஐடிலிங்கில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் மிகவும் பலமாக இருக்கும். அங்கே சின்ன ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்துவிடும். என்ஜின் அப்போது குடிக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால், திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் நேர்வழியில் வரும் காற்று பெருகி, ஓட்டையின் பங்கு கரைந்துபோகும். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, மேட்டில் ஏறும்போதும் ஓவர்டேக் செய்யும்போதும் ட்ரிம் கூடினால், பெட்ரோல் பம்பையோ காற்று அளவியையோ சந்தேகிக்க வேண்டும். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல், ஆக்சிலேட்டரை மிதித்தே இவ்வளவு தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை எடுத்து, மேனிஃபோல்டைச் சுற்றி இணைப்பு இணைப்பாகத் துளித் துளியாக அடித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். (தீப்பிடிக்கும் சரக்கு அது. சூடான சைலன்சர் குழாய்ப் பக்கம் போகாத கை அவருக்கு வாய்த்திருக்கிறது. பழகாதவர்கள் வீட்டில் முயல வேண்டாம். புகையை உள்ளே செலுத்தி ஓட்டையைக் காட்டும் கருவி இப்போது பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு.) என்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கம் ஒரு துளி பட்டதும் என்ஜினின் சத்தம் மாறியது, குறுகிய கால ட்ரிம் சடாரென்று இறங்கியது. கையை உள்ளே விட்டு ஹோஸை வளைத்துக் காட்டினார். மேலே பார்த்தால் புதிதுபோல் இருந்த ரப்பர், மடிப்பில் நகம் நுழையும் அளவுக்குப் பிளந்திருந்தது. சூட்டிலும் எண்ணெய் ஆவியிலும் வருடக்கணக்கில் ஊறிய ரப்பர் வேறென்ன செய்யும். பிளவை விரலால் அழுத்தி மூடினார். குறுகிய கால ட்ரிம் –18 காட்டியது. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் சிரித்தார். பேரேட்டில் இன்னும் +21 எழுதியிருக்கிறது. அதை ஈடுகட்டத்தான் சிட்டை –18 என்கிறது, சில நாள் ஓட்டினால் பேரேடும் திருந்தும் என்றார்.

ஹோஸின் விலையைச் சொன்னால் முதல் ஒர்க்‌ஷாப் பில்லைப் பார்த்து வயிறு எரியும் என்பதால் சொல்லவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. என் காரில் இருப்பது, உள்ளே வரும் காற்றின் எடையை வாசலிலேயே அளக்கும் மாஃப் சென்சார்; மேலே காற்று அளவி என்றது இதைத்தான். வாசலைத் தாண்டி நுழைந்த காற்று அதன் கணக்கில் வராது. நம் ஊரில் ஓடும் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பதோ மேப் சென்சார். அது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடுவது. ஓட்டை வழியாக வந்த காற்றும் அழுத்தத்தைக் கூட்டுமே. எனவே ஈசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது. ஐடிலிங் வேகம்தான் ஏறும். ஒரே ஓட்டை இரண்டு கார்களில் இரண்டு முகம் காட்டுகிறது. இணையத்தில் ஒருவர் ‘எனக்கு இதை மாற்றியதும் சரியாகிவிட்டது’ என்று எழுதுவது நமக்கு உதவாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எத்தனாலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனால் எரியச் சுமார் 9 பங்கு காற்று போதும், அதன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜன் இருப்பதால். இருபது சதவீதம் கலந்த இ20 பெட்ரோலுக்கு 14.7 என்பது ஏறக்குறைய 13.5 ஆகிறது, பத்து சதவீதக் கலப்புக்கு 14.1. அதாவது அதே காற்றுக்கு இன்ஜெக்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும். நல்ல நிலையில் உள்ள ஈசியூ நான்கைந்து சதவீதத்தைச் சத்தமில்லாமல் சமாளித்துக்கொள்ளும். ஆனால் பழைய கார் ஒன்றில் ஏற்கெனவே சின்ன ஓட்டை இருந்து ட்ரிம் இருபதில் நின்றிருந்தால், பெட்ரோல் பங்க்கில் கலப்பு மாறியதே அதை விளிம்புக்குத் தள்ளப் போதும். விளக்கு எரிந்ததும் பழி பெட்ரோல் மேல் போகும். ஓட்டை அப்படியே இருக்கும்.

மின்சுற்றுக் குறியீடுகளுக்கு வருவோம். பி0113 என்றால் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரின் சுற்றில் வோல்ட்டேஜ் அதிகம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த சென்சார் வெறும் ஒரு மின்தடை; குளிர்ந்தால் தடை கூடும், சுட்டால் குறையும். ஈசியூ 5 வோல்ட்டை அனுப்பி, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. ஒயர் அறுந்துவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே மிஞ்சும். தடை எல்லையற்றது என்றால் குளிரும் எல்லையற்றதுதானே? எனவே கத்திரி வெயிலில் வேலூரில் நிற்கும் காரின் ஸ்கேனர், வெளிக்காற்று மைனஸ் 40 டிகிரி என்று கூசாமல் காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் சென்சார் வாங்க ஓட வேண்டாம். கப்ளரைக் கழற்றி, ஒயர் பக்கத்து முனைகள் இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்துப் பார்க்க வேண்டும். திரையில் வெப்பம் நூற்றுக்கு மேல் எகிறினால் ஒயரும் ஈசியூவும் நலம், சென்சார்தான் போயிருக்கிறது. மைனஸ் 40 அசையாமல் நின்றால் ஒயர் எங்கோ அறுந்திருக்கிறது. இரண்டு ஒயர் உள்ள வெப்ப சென்சாருக்கு மட்டுமே இந்த வித்தை. மற்றவற்றில் செய்தால் புகை வரும். ஒயர் அறுந்தது எப்படி என்று கேட்டால், மழைக்காலத்தில் பெரும்பாலும் பதில் எலி. சூடான என்ஜின் மேல் குளிர்காய ஏறி, பல்லுக்கு வேலை கொடுத்துவிட்டுப் போகிறது.

மிஸ்ஃபயருக்கு பி0300 வரிசை. பி0303 என்றால் மூன்றாம் சிலிண்டர். இதை ஈசியூ கண்டுபிடிக்கும் விதம் அழகானது. நான்கு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழலும் தண்டின் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒரு சிலிண்டர் உந்துகிறது. ஓர் உந்துதல் தவறினால் கிராங்க் இம்மியளவு தயங்கும். அந்தத் தயக்கத்தை கிராங்க் சென்சார் பிடித்துவிடுகிறது. குண்டும் குழியுமான சாலையில் சக்கரத்திலிருந்து வரும் அதிர்ச்சியும் கிராங்கைத் தயங்க வைக்கும் என்பதால், சில கார்கள் ஏபிஎஸ் சக்கர சென்சார்களைப் பார்த்து, சாலை மோசம் என்று தெரிந்தால் மிஸ்ஃபயர் எண்ணுவதையே நிறுத்திவைக்கின்றன. நம் ஊர்ச் சாலைகளில் அந்த எண்ணிக்கை எப்போதுதான் நடக்கிறதோ! பி0303 வந்தால் மூன்றாம் சிலிண்டரின் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி ஒன்றாம் சிலிண்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். குறியீடு பி0301 ஆக மாறினால் காயில் குற்றவாளி. மாறவில்லை என்றால் பிளக்கை இதேபோல் இடம் மாற்ற வேண்டும். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், பிறகு கம்ப்ரஷன். செலவு என்று பார்த்தால் அரை மணி நேரம்தான்.

விளக்கு நிலையாக எரியாமல் கண்சிமிட்டினால் மட்டும் காத்திருக்கக் கூடாது. எரியாத பெட்ரோல், வெளியேறும் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகக்கூடும் என்று பொருள். ஓரம்கட்டி நிறுத்திவிடுவதே லாபம்.

அந்தக் கன்வர்ட்டரைப் பற்றிய குறியீடுதான் பணப்பைக்கு மிகவும் ஆபத்தானது: பி0420. ‘கன்வர்ட்டரின் திறன் போதவில்லை.’ பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பொருள் என்பதால் விலை பல்லாயிரங்களில். ஈசியூ அதன் திறனை நேரடியாக அளப்பதில்லை. நல்ல கன்வர்ட்டரில் உள்ள சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிஞ்சும்போது வாங்கி வைத்துக்கொண்டு, குறையும்போது கொடுக்கும். எனவே கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் (முன் சென்சார்) ஆடிக்கொண்டிருந்தாலும், அதற்குப் பின்னால் உள்ள பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் அமைதியாக நிற்கும். பின் சென்சாரும் முன்னதைப் பார்த்து ஆடத் தொடங்கினால், கிடங்கு காலி என்று ஈசியூ முடிவுகட்டுகிறது. குழாய் இணைப்பில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று புகுந்தாலும் பின் சென்சார் ஆடும் என்பதால் முதலில் ஓட்டையைத் தேட வேண்டும். கன்வர்ட்டர் உண்மையிலேயே செத்திருந்தாலும், எதனால் செத்தது என்று பார்க்காமல் புதிதை மாட்டுவது வீண். தானாக முதுமையடையப் பல வருடம் ஆகும். அதற்கு முன் போனால் மிஸ்ஃபயரோ, என்ஜின் ஆயில் எரிந்து அதிலுள்ள பாஸ்பரஸ் படிந்ததோ காரணமாக இருக்கலாம். காரணம் உயிரோடு இருக்க, புதுக் கன்வர்ட்டரும் அதே வழியில் போகும்.

ஒரே நாளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஏழெட்டுக் குறியீடுகள் வரிசையாக வந்தால், அவற்றில் எதையும் படிக்காமல் நேரே பேட்டரிக்குப் போகலாம். ஓய்வில் 12.6 வோல்ட், ஓடும்போது பெரும்பாலும் பதின்மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் பத்துக்குக் கீழே வெகுவாகச் சரிந்தால் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று காணாமல் தேடத் தொடங்கிவிடும்; யு எழுத்துக் குறியீடுகள் கொட்டும். எர்த் ஒயரில் துரு ஏறினாலும் இதே கூத்து.

பிஎஸ்-6 டீசல் வைத்திருப்பவர்களின் தனிப் புலம்பல் பி2463, புகைக்கரி வடிகட்டி நிறைந்துவிட்டது என்று. வடிகட்டியில் சேரும் கரியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரிக்க, கார் சற்று நேரம் நிற்காமல் ஓட வேண்டும். தினமும் இரண்டு கிலோமீட்டர் பள்ளிக்கூடம், இரண்டு கிலோமீட்டர் காய்கறிக் கடை என்றால் அந்த வாய்ப்பே கிடைக்காது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் ஓட்டினால் பல கார்களில் இந்தக் குறியீடு எட்டிப் பார்ப்பதில்லை.

இப்போது சில நூறு ரூபாய்க்கு, அந்தச் சாக்கெட்டில் செருகிப் போனோடு இணைக்கும் ப்ளூடூத் டாங்கிள் கிடைக்கிறது. பெரும்பாலானவை எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற கனடா நிறுவனம் வடிவமைத்த இஎல்எம்327 சிப்பின் நகல்கள். மலிவான நகலில் ஏபிஎஸ், ஏர்பேக் குறியீடுகளைப் படிக்க முடியாமல் போகலாம். ஆனால் ட்ரிம்மும் ஃப்ரீஸ் ஃபிரேமும் போன் திரையில் வந்துவிடும், அதுவே பெரும்பாதி. வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். அந்தச் சாக்கெட்டின் பதினாறாம் முனையில் சாவியை எடுத்த பிறகும் பேட்டரி மின்சாரம் இருக்கும். செருகியபடியே விட்டு ஊருக்குப் போனால் திரும்பி வரும்போது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

டாங்கிளுக்கான போன் செயலியில் ‘குறியீட்டை அழி’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. விரல் தானாக அங்கே போகும். அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்து போய்விடும். பல கார்களில் கற்றுக்கொண்ட ட்ரிம்மும் பூஜ்யமாகும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. என் கார் முதல் ஒர்க்‌ஷாப்பிலிருந்து விளக்கு அணைந்து வந்ததன் ரகசியமும் இதுதான். புது சென்சார் எதையும் குணப்படுத்தவில்லை. அழித்ததால் ஈசியூ மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியது. ட்ரிம் மெல்ல மெல்ல ஏறி எல்லையைத் தொட வேண்டும். இப்படிப்பட்ட கோளாற்றை அது முதல் ஓட்டத்தில் கண்டால் ஓரமாகக் குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் கண்டால்தான் விளக்கேற்றும். அதற்கு ஐந்து நாள் பிடித்தது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் புகைச் சோதனைக்கு இந்தச் சாக்கெட்டிலேயே செருகிப் பார்ப்பதால், முந்தின நாள் அழித்துவிட்டு வருபவர்களைப் பிடிக்கவும் வழி வைத்திருக்கிறார்கள்: எந்தெந்தச் சுயசோதனை இன்னும் முடியவில்லை என்று ஈசியூவே காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊரில் சான்றிதழ் தருபவர் சைலன்சருக்குள் குழாயைச் செருகுவதோடு சரி.

ஹோஸை மாற்றிய பிறகு அண்ணன் எதையும் அழிக்கவில்லை. ஓட்டிக்கொண்டிருங்கள், அதுவே அணையும் என்றார். தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கு தானாக அணைய வேண்டும் என்பது விதி. குறியீடு நினைவிலிருந்து நீங்க, என்ஜின் நாற்பது முறை சூடாகி ஆற வேண்டும். நான்காம் நாள் காலை அணைந்திருந்தது. அந்த வார முடிவில் ட்ரிம்மைக் காட்டப் போனேன். ஐடிலிங்கில் இரண்டும் சேர்ந்து 3.

“பழைய சென்சாரை வாங்கி வைத்தீர்களா?” என்று கேட்டார். டிக்கியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கிடந்தது. என்ஜின் ஆறியதும் புதியதைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார். இரண்டு நிமிடம் சூடாகவிட்டு, திரையை என் பக்கம் திருப்பினார். 0.2, 0.8, 0.1, 0.7 என்று அது ஆடிக்கொண்டிருந்தது. புதியதை அதே பையில் போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினேன்.